ஐந்நூறு பேர் இல்லாத ஊர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் கிராமத்துக்கு ஒரு வரி உண்டு. எத்தனை குடும்பம், எத்தனை தலை, பள்ளி உண்டா, பேருந்து வருமா என்று கட்டம் கட்டமாகப் போகும். 2011-ஆம் ஆண்டுக் கையேட்டில், ஊரில் இல்லாத வசதிக்கு நேரே ஓர் எழுத்துக் குறி: 5 கி.மீ.க்குள் கிடைத்தால் ஏ, 5 முதல் 10 வரை பி, 10-ஐத் தாண்டினால் சி. வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிச் செல்லும் தொலைவு முழுவதும் அந்த ‘சி’க்குள் அடங்கிவிடுகிறது.

தலைக்கணக்குதான் மற்றக் கட்டங்களின் தலையெழுத்தும். 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்களிலும் பாலைவனத்திலும் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் என்று வாசற்படி வைத்தது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கி.மீ. சாலை என்கிறது. படி அதே உயரம், தலைக்கணக்கோ 2011-இனுடையது. தீவிரவாதம் பாதித்த பகுதிகளில் மட்டும் அது 100-ஆக இறங்குகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் குனியும் அரசு, குழந்தையின் அழுகைக்குக் குனியாதா?

இத்திட்டம் ஏழு லட்சம் கி.மீ.க்கு மேல் சாலை போட்டிருக்கிறது. அந்த நன்மையை மறுப்பது மூடத்தனம். பணம் குறைவு, எனவே பலர் வாழும் ஊருக்கு முதலிடம் என்ற வாதமும் நியாயமானதே. ஆனால் முதலிடம் என்பது வேறு, இடமே இல்லை என்பது வேறு. கால் நூற்றாண்டாக வரிசை நகராவிட்டால் அதற்குப் பெயர் வரிசையன்று, விலக்கு. சாலை இல்லாததால் இளையோர் வெளியேறுகிறார்கள். வெளியேறுவதால் எண்ணிக்கை குறைகிறது. குறைந்ததால் சாலை இல்லை. ஊரைத் தேயவிட்டுவிட்டு, தேய்ந்ததையே காரணம் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஒற்றை மனிதரைத் தேடிச் செல்ல இந்த அரசுக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 2024 தேர்தலில் அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு வாக்காளருக்காக அதிகாரிகள் ஏறத்தாழ 40 கி.மீ. மலையேறினார்கள். வாக்குக்கு ஒருவர் போதும், சாலைக்கு ஐந்நூறு பேர் வேண்டும்!

தமிழ்நாட்டின் நிலை இன்னும் விசித்திரம். இங்கே ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை; ஆகவே அந்த வாசல் நம் மலைவாழ் மக்களுக்குத் திறந்ததே இல்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் சுமந்து நடந்தார்; ஆம்புலன்ஸ் மேலேறப் பாதை இல்லை. காடு குறுக்கே நிற்கிறது என்பார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைத்தால், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தில் சாலை போட வழி தருகிறது. மூன்று மீட்டர் அகலம் என்றால் அது ஏறத்தாழ மூன்று கி.மீ. சட்டம் இருக்கிறது, கோப்புதான் நகரவில்லை.

இலக்கியவாதிகளான நமக்கும் இதில் பங்குண்டு. ஒற்றையடிப்பாதையை நாம் அழகியலாக்கினோம். கயை மாவட்டத்தில் தசரத் மாஞ்சி 1960 முதல் 22 ஆண்டுகள் உளியும் சம்மட்டியுமாக மலையைப் பிளந்ததை வியந்து வியந்து எழுதினோம். ஒரு தனிமனிதன் அதைச் செய்ய நேர்ந்தது யாருடைய வெட்கம் என்று எத்தனை பேர் கேட்டோம்?

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. எண்ணிக்கை வந்ததும் சில ஊர்கள் 499-இல் நிற்கக்கூடும். தலைக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கை விட்டுவிட்டு, மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிடச் சொல்லி இப்போதே நாம் எழுத வேண்டும்.