காளானும் கலர்ப் பொடியும்

பவானியிலிருந்து கோயமுத்தூர் போனால் என் பிள்ளைகளுக்கு ரோட்டுக்கடைக் காளான் கட்டாயம் வேண்டும். பெயர்தான் காளான், சகோதரிகளே. பல வண்டிகளில் பெரும்பாலும் முட்டைக்கோசும் மைதாவும்தான்! உருட்டிப் பொரித்து, உதிர்த்து, மசாலாவில் கொதிக்கவிட்டு, வெங்காயம் தூவித் தருகிறார்கள். கொதிக்கக் கொதிக்க வருவதால் அதில் எனக்கு அவ்வளவு பயமில்லை. அந்தச் சிவப்பு நிறம்தான் பயம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு தடை செய்ததே! ஜமுக்காள ஊர்க்காரிக்குச் சாயம் தெரியாதா? சாப்பிட்டுக் கை கழுவியும் விரலில் ரோஸ் நிறம் போகாவிட்டால், அடுத்த தடவை அந்தக் கடை வேண்டாம்.

வீட்டில் செய்தால் காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன் போதும். கோசோடு நிஜக் காளானையும் சேருங்கள். "கடை மாதிரி இல்லம்மா" என்றான் சின்னவன். தட்டு காலி.