கிடைக்கவில்லை என்று எழுதுங்கள்!



வகுப்பில் பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்பார். புரியாதவர்களும் சேர்ந்து, "புரிந்தது சார்!" என்று ஒரே குரலில் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பதிலைக் கேட்டவன் நான். 'தெரியவில்லை' என்று சொல்ல நமக்கு அத்தனை வெட்கம்!

அந்த வெட்கத்துக்கு இடமே இல்லாத ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். நம் காலத்துப் புதையல் வேட்டை என்று சொல்லலாம்.

நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களின் உதவியால் காட்டுவது ஜி.பி.எஸ். பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். அளவில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கியது. உடனே, மே 3 அன்று, ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு, காட்டுப் பகுதியில் மறைத்து வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். சில நாள்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் பெயர் எழுத வேண்டும். ஏதாவது பொருளை எடுத்தால், அதே மதிப்புள்ள வேறு பொருளை வைக்க வேண்டும். பிறகு, இருந்த இடத்திலேயே பெட்டியை மறைத்து வைத்துவிட்டு வர வேண்டும். காவலுக்கு ஆள் கிடையாது. நேர்மைதான் காவல்!

புதிதாக ஆடுபவர்கள் செல்போனையே பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம் என்ன தெரியுமா? "போனைப் பையில் போடு, கண்ணைத் திற!" ஜி.பி.எஸ். சில மீட்டர் தூரம் வரைதான் கொண்டுபோய் விடும். மரத்தடியில் இன்னும் தவறும். அதன்பின், 'நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?' என்று யோசிக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். தேடியும் கிடைக்காவிட்டால், 'கிடைக்கவில்லை' என்று இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பலர் அப்படி எழுதினால், பெட்டி தொலைந்திருக்கலாம் என்று வைத்தவருக்குத் தெரியும். அவர் வந்து சரிசெய்வார். தோல்வியை மறைத்தால், அடுத்து வருபவரும் வீணாக அலைவார்.

நம் தாமிரபரணிக் கரையிலும் இதே பாடம் உண்டு. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் மற்ற இயற்கை அமைப்புகளுடன் சேர்ந்து 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. ஜனவரி மாதத்தில் குளம் குளமாகச் சென்று பறவைகளை எண்ணுகிறார்கள். பறவைகளை நன்கறிந்தவர்களோடு புதியவர்களும் போகிறார்கள். கறுப்பு அலகு இருந்தால் சின்ன வெள்ளைக் கொக்கு; மஞ்சள் அலகு இருந்தால் உண்ணிக்கொக்காக இருக்கலாம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். ஊகித்து எழுதினால் கணக்கே பொய்யாகிவிடும்.

பத்தமடையில் பாய் நெய்யப் பழகும் பெண்ணும் அப்படித்தான். ஒரு கோரை கோணலாகப் போனதும் பெரியவர்களிடம் சொல்லிவிட்டால் பிரித்துச் சரிசெய்யலாம். மறைத்தால் கோணல் பாய் முழுவதும் தெரியும்.

இந்த விடுமுறையில் நீங்களும் விளையாடிப் பாருங்கள். ஒரு டப்பாவில் சிறு நோட்டும் பென்சிலும் வைத்து, வெளியே 'இது விளையாட்டுப் பெட்டி' என்று எழுதுங்கள். வீட்டு முற்றத்திலோ, அனுமதி பெற்றுப் பள்ளித் தோட்டத்திலோ மறைத்து வையுங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்காதீர்கள். ஆற்றங்கரை, கால்வாய், ரயில் பாதை, மின்கம்பம் பக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு பெரியவர் உடன் இருக்கட்டும்.

நண்பனுக்குப் பெட்டி கிடைக்காவிட்டால் கேலி செய்யாமல் ஒரு குறிப்புக் கொடுங்கள். உங்களுக்குக் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று தயங்காமல் எழுதுங்கள். அடுத்த முறை ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்கும்போதும் உண்மையைச் சொல்லுங்கள். அவர் இன்னொரு முறை சொல்லித் தருவார். அதற்காகத்தானே அவர் வகுப்புக்கு வருகிறார்!

சொல்வீர்கள்தானே?