அலை ஓயவில்லை, நாம் ஓயலாமா?

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரை. அங்கே வெயில் உப்பை விளைவிக்கின்றது. கடல் மீனைத் தருகின்றது. அலையின் ஆற்றல் மட்டும் வீணே கரை மோதிக் கழிகின்றது. இறைவன் வசப்படுத்தித் தந்த கடலின் இவ்வாற்றலை மின்சாரமாக்கி விற்க இயலாதா?

ஆக்க இயலும் என்பதை 1991இல் கேரளத்து விழிஞத்தில் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் மெய்ப்பித்தனர். கடலில் நிறுத்திய கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்க, உள்ளிருந்த காற்று சுழலியைச் சுழற்றியது. 150 கிலோவாட் திறனுடைய அந்நிலையம் பின்னாளில் கடல்நீரைக் குடிநீராக்கவும் உதவியது. ஆயினும், வணிக அளவில் வளராமலே நின்றுபோயிற்று.

விற்பதில்தான் இடர். அலை பருவந்தோறும் மாறும். கருவியோ அன்றாட அலையில் வருவாய் ஈட்ட வேண்டும். என்றோ வரும் புயலையும் தாங்க வேண்டும். அவ்வலிமைக்கான செலவு விலையை உயர்த்துகின்றது. உப்பு அரிக்கும், பழுது பார்க்கவும் படகேற வேண்டும். காற்றாலை, சூரிய மின்சாரத்தின் மலிவுக்கு இது ஈடாகவில்லை.

ஆகவே, மின்வாரியத்துக்கு விற்பதை முதல் இலக்காகக் கொள்ளலாகாது என்பதே என் துணிபு. மின்கம்பி எட்டாத தீவுகளுக்குக் குடிநீரும், கடலாய்வு மிதவைகளுக்கு மின்சாரமும் தருக. அங்கே இதன் விலை பெரிதாகத் தோன்றாது.

2022 நவம்பரில் பேராசிரியர் அப்துஸ் சமத் தலைமையிலான ஐ.ஐ.டி. குழு, தூத்துக்குடிக் கடலில் ‘சிந்துஜா-1’ கருவியைச் சோதித்தது. கிடைத்தது 100 வாட். எள்ளற்க! ஒரு நிலையம் நிற்கலாம். அது தந்த பட்டறிவு நின்றுவிடலாகாது. அதனைத் தொடரும் கைகள் நம் மாணவர்களிடையிலிருந்தும் எழுக!