கரி உள்ளூர், அடுப்பு?

ஜார்ஜ்டவுன் – பினாங்கு அங்காடிக் கடைகளில் சாத்தே வாட்டவும் சார் குவே தியாவ் பிரட்டவும் கரி நெருப்பையே நம்பும் வியாபாரிகள் இன்னும் உள்ளனர். கரிக்குப் பஞ்சமில்லை. அண்டை மாநிலமான பேராக்கில், சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் 30 ஆண்டுகள் வளர்ந்த பாக்காவ் மரங்கள் வெட்டப்பட்டு, கோலா செபெத்தாங் சூளைகளில் கரியாகின்றன. ஜப்பானுக்கும் அது ஏற்றுமதியாகிறது.

அடுப்பு விஷயம் வேறு. பேரங்காடிகளில் இறக்குமதி அடுப்புகளே மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளூர் நிறுவனத்தின் பெயர் இருந்தாலே உள்ளூர்த் தயாரிப்பு ஆகிவிடாது. பெட்டியில் தயாரித்த நாட்டைப் பார்த்து வாங்க வேண்டும். பொய்யான விவரம் அச்சிடுவது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம்.

இரும்புப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொள்வது இன்னொரு வழி. விலை சற்றுக் கூடலாம். ஆனால், தகடு துருப்பிடித்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கேட்டு வருவோர் குறைந்தால் பட்டறைகள் நிலைக்காது. பிறகு, நம் கரியை எரிக்கவும் அயல்நாட்டு அடுப்புதான்.