சந்தை வேண்டும், மன்று வேண்டாமா?

2001ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, பழைய உலோகம் வெட்டும் இயந்திரத்தில் கை அகப்பட்டுத் தொழிலாளி ஒருவர் நான்கு விரல்களை இழந்தார். அவ்வியந்திரம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் மக்கின்ரயர் கம்பனி செய்தது; ஒஹாயோ மாநில விநியோகஸ்தர் ஊடாக விற்கப்பட்டது. விபத்து நேர்ந்த மாநிலத்திலேயே தொழிலாளி வழக்கிட்டார். ஆனால் 2011இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், அக்கம்பனியை அழைத்து விசாரிக்கும் நியாயாதிக்கம் நியூ ஜேர்சிக்கு இல்லையெனத் தீர்த்தது.

கம்பனி அமெரிக்கச் சந்தையை நாடியதேயன்றி நியூ ஜேர்சிச் சந்தையைத் தனியே நாடவில்லை என்பது நால்வர் சார்பில் எழுதிய நீதியரசர் கெனடியின் வாதம். 50 மாநிலங்களையும் நாடியவன் அவற்றுள் ஒன்றையும் நாடாதவன் என்பது எவ்வகைத் தருக்கமோ! கம்பனியின் அலுவலர் அமெரிக்கத் தொழிற் கண்காட்சிகளுக்கு ஆண்டுதோறும் சென்றுவந்தனர். அவற்றுள் ஒன்றும் நியூ ஜேர்சியில் நடைபெறவில்லை என்பது மெய்யே. எனினும் தொழிலாளியின் முதலாளி அவ்வியந்திரத்தைக் கண்டது லாஸ் வேகாஸ் கண்காட்சியிலன்றோ? அதன் விலையான 24,900 டொலர் மாநில எல்லையைக் கடந்தபோது எவரும் தடுத்திலர்.

முடிவுக்கு மட்டும் உடன்பட்ட நீதியரசர் பிரையர் குயவன் ஒருவனைத் துணைக்கழைத்தார். அப்பலாச்சிய மலைநாட்டுக் குயவன் தன் கலங்களைப் பெருவணிகனுக்கு விற்க, அவற்றுள் ஒரு கோப்பை ஹவாயில் விலைபோனால், அவன் அத்துணைத் தொலைவு சென்று வழக்காடுவதா? இரக்கத்துக்குரிய வினாவே. ஆயின் மன்றின்முன் நின்றவன் குயவன் அல்லன். குயவனைக் காத்தற்கு, 1945இல் இன்டர்நஷனல் ஷூ வழக்கு வகுத்த நியாயமான நடப்பு என்னும் அளவுகோலே போதும். அவன் முதுகுக்குப் பின்னே இயந்திர உற்பத்தியாளனும் ஒளிந்துகொள்ள இடமளிப்பானேன்?

விநியோகஸ்தர்மீது வழக்கிடலாமே என்பர். அந்நிறுவனமோ 2001இலேயே வங்குரோத்தாயிற்று. கடல்கடந்து சென்று வழக்காடுவது விரலிழந்த உழைப்பாளிக்கு ஒரு வழியாகுமா?

2021இல் ஃபோர்ட் வழக்கிலே, கார் முதலில் வேறு மாநிலத்தில் விற்கப்பட்டதாயினும் விபத்து நேர்ந்த மொன்டானாவிலும் மினசோட்டாவிலும் வழக்கிடலாமென அதே நீதிமன்றம் கூறியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஃபோர்ட் அம்மாநிலங்களில் விளம்பரம் செய்து, விற்பனைக்கும் பழுதுபார்த்தலுக்கும் நிலையங்கள் கொண்டு வாணிகம் நடத்தியமையையே அத்தீர்ப்பு ஆதாரமாகக் கொண்டது. இடைத்தரகனை முன்னிறுத்தித் தான் ஒதுங்கி நிற்கும் உற்பத்தியாளனுக்கு 2011இல் திறந்த வாயில் இன்னும் அடைபடவில்லை.