கேபிளுக்கு டாட்டா... பட்டன் தட்டினா கியர் மாறும்! கொடைக்கானல் மலையேற எந்த சைக்கிள் சரி?

ரோடு பைக் எனப்படும் ரேஸ் சைக்கிள்களில், கம்பியை இழுத்து கியர் மாற்றும் பழைய முறை வேகமாகக் குறைந்து வருகிறது. விலை கூடிய மாடல்களில் அந்த இடத்தை மோட்டாரும் பேட்டரியும் பிடித்துவிட்டன. மலைச்சாலையில் மிதிப்பவர்களுக்கு இது லாபமா, புதுத் தலைவலியா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு மலைக் கணக்கு

வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இடையில் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மலைச்சாலை. அதாவது சைக்கிளில் போகிறவர் தன் உடம்பையும் வண்டியையும் சேர்த்து ஏறக்குறைய 1,800 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும். பழனி வழியாக ஏறினாலும் உயரக் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். தூரம் மட்டும் சுமார் 65 கிலோமீட்டர்.

சராசரியாகப் பார்த்தால் 100 மீட்டர் தூரத்துக்கு மூன்றரை மீட்டர் ஏற்றம். கேட்க சின்னதாத்தான் தெரியும். ஆனா மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றம் திடீரெனக் கூடும், அடுத்த திருப்பத்தில் குறையும். ஒவ்வொரு முறையும் கியரை மாற்றியாக வேண்டும்.

கியர் என்ன செய்கிறது? முன்னால் 34 பல் சக்கரம், பின்னால் 34 பல் சக்கரம் என்று வைத்தால் ஒரு மிதிக்கு வண்டி சுமார் 2.1 மீட்டர் நகரும். முன்னால் 50, பின்னால் 11 என்று வைத்தால் அதே ஒரு மிதிக்கு சுமார் 9.5 மீட்டர். முதலாவது மலையேற, இரண்டாவது சமவெளியில் பறக்க. சரியான நேரத்தில் சரியான கியர் விழவில்லை என்றால் முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும்.

பழைய முறை எப்படி வேலை செய்கிறது?

ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி இழுபடும். கம்பியின் மறுமுனையில் இருப்பது டிரெய்லியர். செயினை ஒரு பல் சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் கை என்று வைத்துக்கொள்ளலாம். கம்பி இழுத்தால் ஒரு பக்கம், தளர்த்தினால் ஸ்பிரிங் மறுபக்கம். அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் எங்கே வரும்? புதுக் கம்பி கொஞ்சம் தளரும். உறைக்குள் தண்ணீரும் மண்ணும் போனால் உரசல் கூடும். பழனி மலைத்தொடரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மற்ற மாதங்களிலும் மூடுபனி. ஈரத்தில் ஓடிய கம்பி கொஞ்ச நாளில் இறுகிப்போகும். லீவரை அழுத்தினா கியர் பாதி வழியில நிக்கும், 'கடகட' சத்தம் கேட்கும்.

எலக்ட்ரானிக் கியர் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இது இ-பைக் இல்லை. மிதிப்பது நீங்கள்தான். பேட்டரி வண்டியைத் தள்ளாது, செயினை மட்டும் நகர்த்தும். பேட்டரி தீர்ந்தாலும் பிரேக்குக்கு ஒரு பாதிப்பும் கிடையாது.

லீவரில் உள்ள பட்டனைத் தட்டியதும் சிக்னல் போகும். டிரெய்லியருக்குள் இருக்கும் குட்டி மோட்டார், செயினை அளந்து வைத்த தூரத்துக்கு நகர்த்தும். கம்பி இல்லாததால் தளர்வும் இல்லை, உரசலும் இல்லை. முதல் நாள் எப்படி மாறியதோ ஆயிரமாவது கிலோமீட்டரிலும் அப்படியே மாறும்.

எப்போது தொடங்கியது இந்த மாற்றம்?

பிரான்ஸின் மாவிக் நிறுவனம் 1990-களிலேயே முயன்று பார்த்தது, நிலைக்கவில்லை. அதன் பிறகான பாதை இதோ:

• 2009: ஜப்பானின் ஷிமானோ, தன் உச்ச மாடலான டியூரா-ஏஸில் டிஐ2 என்ற எலக்ட்ரானிக் கியரைக் கொண்டுவந்தது.
• 2011: அடுத்த நிலையான அல்டெக்ராவுக்கும் டிஐ2 வந்தது. இத்தாலியின் கம்பனோலோவும் அதே ஆண்டு களமிறங்கியது.
• 2015: அமெரிக்காவின் ஸ்ராம், ஒயரே இல்லாத ஈடேப்பை அறிமுகம் செய்தது.
• 2021: ஷிமானோவின் புதிய டியூரா-ஏஸ், அல்டெக்ரா இரண்டும் எலக்ட்ரானிக்கில் மட்டுமே வெளிவந்தன. கம்பி மாடலே கிடையாது.
• 2022: நடுத்தர நிலையான 105-க்கும் டிஐ2 வந்தது.

கவனிக்க வேண்டியது அடுத்த ஆண்டு நடந்தது. 2023-ல் ஷிமானோ அதே 105-ல் 12 கியர் கம்பி மாடலையும் தனியாகக் கொண்டுவந்தது. கம்பி வேண்டும் என்று கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மலையில் எலக்ட்ரானிக் ஏன் ஜெயிக்கிறது?

நேர்மையாகச் சொன்னால், கியர் மாறும் தரத்தில் எலக்ட்ரானிக்தான் மேல். இதில் பெரிய வாக்குவாதத்துக்கு இடமில்லை.

கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் விரல் விறைத்துவிடும். கம்பி லீவரைத் தள்ள பலம் வேண்டும், பட்டனுக்கு ஒரு தட்டு போதும். சின்னக் கை உள்ளவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், வயதானவர்களுக்கு இது சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாத வசதி. முன் சக்கரத்தில் 50-லிருந்து 34-க்கும், திரும்ப மேலேயும் மாற்றுவது கம்பி முறையில்தான் கஷ்டமான வேலை. மோட்டார் அதைச் சுலபமாக்கிவிடுகிறது. ஐந்து மணி நேர ஏற்றத்தில் நூற்றுக்கணக்கான முறை கியர் மாற்றும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

பேட்டரி நிற்குமா? புதிய டிஐ2 ஒரு சார்ஜில் சுமார் 1,000 கிலோமீட்டர் வரும் என்கிறது ஷிமானோ. ஸ்ராம் பேட்டரிக்கு சுமார் 60 மணி நேரம். பிஆர்எம் எனப்படும் நெடுந்தூரப் பயணத்தில் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முழு சார்ஜோடு கிளம்பினால் அதற்குக்கூட இது தாராளம்.

அப்படின்னா பிரச்சனை எங்கே?

ரிப்பேரில்.

கம்பி அறுந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான சைக்கிள்களில் ஸ்பிரிங் செயினைப் பின்னால் உள்ள சின்னப் பல் சக்கரத்துக்கு, அதாவது ரொம்பக் கனமான கியருக்கு, இழுத்துவிடும். மலையேறும்போது இது கொடுமைதான். ஆனாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். டிரெய்லியரில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி, செயினை ஒன்றிரண்டு படி லேசான சக்கரத்தில் நிறுத்தி, மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். ஊரில் உள்ள சைக்கிள் கடையில் கம்பியை மாற்றிக்கொள்ளலாம். கம்பி விலை பெரிய தொகையும் இல்லை.

எலக்ட்ரானிக்கில் பேட்டரி தீர்ந்தால் எந்த கியரில் இருந்ததோ அதிலேயே நிற்கும். டிஐ2-வில் சார்ஜ் குறையும்போது முன் டிரெய்லியர் முதலில் நின்று எச்சரிக்கும், பின் டிரெய்லியர் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். ஸ்ராமில் முன், பின் பேட்டரிகளை மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். இதுவரைக்கும் சரி.

ஆனா மோட்டார் போனா? அதைத் திறந்து பழுது பார்க்க வழியில்லை, முழு டிரெய்லியரையும் மாற்றியாக வேண்டும். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ வண்டி நின்றால் அங்கே அந்த பாகம் கிடைக்காது. பெருநகரத்து டீலரிடம் சொல்லிவைத்து, வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதே கதையை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்

2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்தது நினைவிருக்கிறதா? பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. காது கொடுத்து இன்ஜின் சத்தம் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகி 'செட்டிங்' வைத்த மெக்கானிக் கைக்கு ஸ்கேனர் தேவைப்பட்டது. வண்டி நன்றாக ஓடியது, புகை குறைந்தது. கூடவே, தெருமுனைக் கடையில் தீர்ந்த வேலை சர்வீஸ் சென்டருக்கு நகர்ந்தது.

சைக்கிளிலும் இப்போது நடப்பது அதுதான். டிஐ2-வை நுணுக்கமாக செட் செய்ய செல்போனில் ஆப் வேண்டும், மென்பொருளை அப்டேட் செய்ய வேண்டும். ஒரு வித்தியாசம்: பைக்கில் அரசு விதி மாற்றியது, அதற்கு சுற்றுச்சூழல் காரணம் இருந்தது. சைக்கிளில் மாற்றுவது நிறுவனங்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், செல்போன் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனங்கள். சைக்கிளுக்குத் தனி இடம் இல்லை. சைக்கிளுக்குள் மோட்டாரும் மென்பொருளும் வந்துவிட்ட பிறகு, அதையும் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதானே?

ஹேக் செய்ய முடியுமா?

முடியும் என்று காட்டிவிட்டார்கள். 2024 ஆகஸ்ட்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஷிமானோவின் வயர்லெஸ் சிக்னலைப் பதிவு செய்து, அதையே திரும்ப அனுப்பி கியரை மாற்றிக் காட்டினர். ஷிமானோ இதைச் சரிசெய்யும் மென்பொருளை வெளியிட்டது. போட்டியில் ஓடுபவர்களுக்குத்தான் இது பெரிய கவலை. கொடைக்கானலுக்கு மிதித்துப் போகிறவர்கள் அப்டேட்டை மட்டும் விட்டுவிடாமல் செய்தால் போதும்.

சரி, யாருக்கு எது?

• கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வாடகை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. வாடகைக் கடைக்காரருக்கும் கம்பிதான் கட்டுப்படியாகும்.
• முதல் ரோடு பைக் வாங்குபவர்கள் கம்பி கியரே எடுக்கலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர், ஹெல்மெட், விளக்கு வாங்கலாம். மலை இறங்கும்போது உயிரைக் காப்பது அவைதான்.
• அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்கள், கை வலி உள்ளவர்களுக்கு எலக்ட்ரானிக் கொடுக்கும் பணத்துக்குத் தகும். ஆனால் வாங்கும் முன் டீலரிடம் கேளுங்கள்: 'பின் டிரெய்லியர் போனால் எத்தனை நாளில் வரும்?'

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பது இரண்டு தரப்புக்கும் நல்ல செய்தி.

கம்பி கியர் நாளைக்கே மறைந்துவிடாது. ஆனால் அது நல்ல தரத்தில், நடுத்தர விலையில் தொடர்ந்து கிடைக்குமா என்பதை வாங்குபவர்கள் கேட்பதும் கேட்காததும்தான் முடிவு செய்யும்.

மலையேறத் திட்டமா? கம்பி கியர் என்றால் பையில் ஒரு மாற்றுக் கம்பியும் அதை வெட்டும் கட்டரும். எலக்ட்ரானிக் என்றால் வத்தலக்குண்டிலோ பழனியிலோ டீ குடிக்கும்போது பேட்டரி அளவை ஒருமுறை பாருங்கள். மேலே போன பிறகு பார்த்துப் பயனில்லை.