பெட்டியில் இல்லாத பணம்

மாதந்தோறும் ஊதியத்தில் பிடிக்கப்படும் தொகை எங்கோ ஒரு பெட்டியில் தம் பெயரில் சேர்ந்து கிடக்கிறது என ஜெர்மனியில் எத்தனையோ பேர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் பிழை. பிழையென அறிந்தும் வாய் திறவாத ஆட்சியாளரின் மௌனம் அதனினும் பெரிய பிழை என்போம்.

1889-இல் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. எழுபது வயது நிரம்பிய தொழிலாளருக்கே அன்று ஓய்வூதியம். அவ்வயதை எட்டியவரோ சிலரே. திரட்டிய நிதியைப் போர்களும் 1923-இன் பணவீக்கமும் விழுங்கின. 1957-இல் அடெனவர் அரசு வேறு வழி வகுத்தது. இன்று உழைப்பவர் செலுத்தும் சந்தா, இன்றைய முதியவர் கைக்கே போய்ச் சேர்கிறது. பெட்டியில் தங்குவது சிறு கையிருப்பு மட்டுமே.

இவ்வழியை 1955-இல் வரைந்து தந்தவர் கத்தோலிக்கப் பொருளியலறிஞர் வில்ஃப்ரிட் ஷ்ரைபர். அவரது திட்டத்திற்கு இரு கைகள் இருந்தன. ஒரு கை முதியோரைத் தாங்கும். மறு கை பிள்ளைகளை வளர்ப்போருக்கு உதவும். அரசு முதற்கையை ஏற்று, மறுகையைத் தள்ளிவிட்டது. விளைவு யாது? 1960-களின் தொடக்கத்தில் முதியவர் ஒருவருக்கு ஏறத்தாழ அறுவர் சந்தா செலுத்தினர். இன்று இருவர் அளவிலேயே உள்ளனர். பல பிள்ளைகளை வளர்த்த தாயின் உழைப்பு 1986 வரை கணக்கில் ஏறவேயில்லை. அப்பிள்ளைகளின் சந்தாவோ பிறரது முதுமையைக் காத்தது!

அதே 1986-இல், ஓய்வூதியம் உறுதியானது எனும் சுவரொட்டியை அமைச்சர் நார்பர்ட் புளூம் தம் கையாலேயே ஒட்டினார். எது உறுதி? தொகையா, வயதா, சந்தாவா? சுவரொட்டி சொல்லவில்லை. ஓய்வு வயதை 2031-க்குள் 67 ஆக உயர்த்தும் சட்டம் 2007-இல் வந்தபோது, ஏமாற்றப்பட்டோம் என மக்கள் குமுறியதில் வியப்பென்ன?

இளையோரிடம், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என அச்சுறுத்துவோரும் மெய் உரைக்கவில்லை. உழைக்கும் கைகள் உள்ளவரை ஓய்வூதியம் அற்றுப்போகாது. அதன் அளவே குறையலாம். சந்தா, ஓய்வு வயது, ஓய்வூதியத் தொகை, வரிப்பணம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று அசைந்தே தீரும். எதுவும் அசையாது என வாக்களிப்பவர் வாக்குகளுக்காகவே பேசுகிறார்.

ஓய்வூதியம் சேமிப்பன்று, பிச்சையுமன்று. தலைமுறைக்குத் தலைமுறை செலுத்தும் கடன் அது. தாய் தந்தையரைப் பேணும் கடமை வீட்டு வாசலோடு முடிந்துவிடுமா? கடனைக் கடனென்று சொன்னால் மக்கள் சுமப்பர். பெட்டியில் பணம் இருப்பதாகச் சொல்லி வைத்தால், பெட்டி திறக்கும் நாளில் முதியவரும் இளையவரும் பகைவராவர்.